கால் அளவு

முப்பத்தைந்தா, முப்பத்தெட்டா?
மூன்று வாரமாக இதே பேச்சு.
நவம்பர் கடைசி. பிற்பகல் மூன்றரைக்கே
விளக்குப் போட்டுவிட்டது எகில்ஸ்தாதிர்.

வண்டி பெர்க்தோராவுடையது.
ஐஸ்லாந்தின் மேட்டுநிலத்தில் பதினோரு வானிலைக் கம்பங்கள்
அவள் பொறுப்பு. உறைபனி அப்பி
ஏதாவது ஒன்று பேச்சை நிறுத்திவிட்டால்
போய்த் தட்டி எழுப்ப வேண்டும்.
வாங்கும்போது வண்டிக்கு இருந்தது முப்பத்தொன்று.
நகரத்துச் செருப்பு.

டயர்க்கடை உல்ஃபார் சாக்கட்டியால்
தரையில் இரண்டு வட்டம் போடுகிறான்,
ஒன்றுக்குள் ஒன்று.
"உள்வட்டம் ரிம். அது பெருக்கப் பெருக்க
ரப்பர் இளைக்கும்.
பதினேழு போட்டால் கல்யாணத்துக்குப் போகலாம்.
நீ பதினைந்து போடு.
நடுவில் இருக்கிற சதைதான் பனியில் நடக்கும்."
"பதினைந்துக்குள் பிரேக் அடங்குமா?"
"உரசும். கொஞ்சம் ராவித் தருகிறேன்."

பனி கேட்பது அகலம்.
ஆறு கேட்பது ஒல்லி.
அகன்ற கால் வெள்ளத்தில் மிதக்கும்;
மிதந்துவிட்டால் அது ஆற்றின் வண்டி.
ஜனவரிக்கும் ஜூலைக்கும் பொருந்துகிற செருப்பை
எந்த ஊரில் தைக்கிறார்கள்?

தோர்கில்ஸ் சொல்வது நாற்பத்துநான்கு.
அவன் ஓட்டப்போவதில்லை. பள்ளியில் கணக்கு வாத்தியார்.
மீன் முள்ளைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டு,
மனைவி புதையாமல் இருக்க
எத்தனை சதுர சென்டிமீட்டர் வேண்டுமென்று
கை துடைக்கும் தாளில் போட்டுப் பார்க்கிறான்.
போன மார்ச்சில் பதினான்கு மணி நேரம்
அவளிடமிருந்து தகவல் இல்லை.
அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.
டயரைப் பற்றிப் பேசுகிறார்கள்.

முப்பத்தெட்டு என்று அவளே முடித்தாள்.
சக்கர வளைவை அறுத்தார்கள், பொறி பறந்தது.
நல்ல இரும்பு, ஒரு பொட்டுத் துரு கிடையாது.
வெட்டிய துண்டை என்ன செய்வதென்று தெரியாமல்
பின்னிருக்கையில் வைத்துக்கொண்டாள்.
"இனி முள் பொய் சொல்லும்" என்றான் உல்ஃபார்.
"அது தொண்ணூறு என்றால்
நீ நூற்றுப்பத்தில் போகிறாய்."

வீட்டுக்கு வந்தால்
கார்க்கொட்டகைக் கதவு இடிக்கிறது.
மூன்று விரல்கடை.
மூன்று வாரம் எதையெதையோ அளந்தவன்
அதை அளக்கவில்லை.
டேப்பைக் கையில் பிடித்தபடி நிற்கிறான்,
காது மடல் சிவந்து.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
முட்டி போட்டு வால்வைத் திருகினாள்.
இருபத்தெட்டு. இருபது. பன்னிரண்டு.
எதிர்ச் சக்கரத்தில் அவனும் குனிந்தான்.
காற்றுக்கும் சக்கரத்துக்கும்
கால் என்று ஒரே பெயர் வைத்த மொழியில்
நான் இதைச் சொல்கிறேன்;
அவர்கள் மொழியில் அது வெறும் உஸ்.

"மார்ச்சில்" என்றான், வண்டிக்கு அந்தப் பக்கமிருந்து,
"காற்று எவ்வளவு வைத்திருந்தாய்?"
"எட்டு. மூன்றுக்கு இறக்கியிருக்கணும்."
"ஏன் இறக்கவில்லை?"
"வெளியே இறங்கப் பயமாக இருந்தது."
உஸ்ஸென்று போய்க்கொண்டே இருந்தது.
"நாற்பத்துநான்கு போட்டிருந்தால்
இப்போது தெருவில் படுக்கணும்" என்றாள் பிறகு.
அவன் சிரித்தது மூக்கு உறிஞ்சியதுபோல் கேட்டது.

தொந்தி பிதுங்க, பனியாற்றில் ஏறுகிற மெதுவில்,
வண்டி உள்ளே போயிற்று.

விடியுமுன் அழைப்பு. ஏழாம் கம்பம் பேசவில்லை.
கம்ப்ரசர் உறுமலில் பக்கத்து வீட்டு ஜன்னல் மஞ்சளாகிறது.
கதவுச் சட்டத்தில் புதிதாய் ஒரு பென்சில் கோடு.
பக்கத்தில் வாத்தியார் கையெழுத்து:
முப்பத்தெட்டு. காற்று மூன்று. வரலாம்.